கர்க்கடகத்தில் எடுத்த அளவு

ஜெயபாயோடு வேலை பார்த்தவர்களில் அவரைப் பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் குறைவு. பதினாறு வருஷம் அதே கட்டடத்தில், அவருக்கு இரண்டு அறை தள்ளி உட்கார்ந்து தரக்கட்டுப்பாட்டுக் காகிதங்களைப் பார்த்த எனக்கும் அந்தச் சிலரோடு சேரத் தயக்கம் உண்டு. ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் கேள்வியைத் திருத்துவார். "கம்ப்யூட்டர் ஏன் மெதுவா இருக்கு?" என்று கேட்டால், "எது மெதுவா இருக்கு? எப்பத்திலேந்து? எத்தன பேருக்கு?" என்பார். காலை எட்டு மணிக்கு, வாசலில் நூறு பேர் நிற்கும்போது இப்படிப் பேசுகிறவரை யாருக்குப் பிடிக்கும்?

கிழக்கேகோட்டை பஸ் நிலையத்திலிருந்து அட்டக்குளங்கரைப் பக்கம் ஐந்து நிமிஷம் நடந்தால் எங்கள் ரத்தப் பரிசோதனைக்கூடம் வரும். பலகையில் நீளமான ஆங்கிலப் பெயர் எழுதியிருக்கிறது. ஊருக்கு அது ஞானம் லேப். தொடங்கியவர் ஞானசிகாமணி, களியக்காவிளைப் பக்கத்துக்காரர். அவர் காலமான பிறகு மகன் அனில் நடத்துகிறார். வித்துரா முதல் பாறசாலை வரை இருபத்து மூன்று இடங்களில் ரத்தம் எடுத்து, எல்லாக் குப்பிகளையும் இங்கே கொண்டுவந்து சோதிக்கிறோம். முடிவுகள் அன்று மாலைக்குள் டாக்டர்களின் கைப்பேசிக்குப் போக வேண்டும். இவ்வளவையும் ஓட வைக்கும் சர்வர்களுக்குப் பொறுப்பாளர் ஜெயபாய்.

பாறசாலையில் பிறந்தவர். நாகர்கோவிலில் டிப்ளமோ படித்துவிட்டு, தொண்ணூற்றெட்டில் டைப் அடிக்கும் வேலைக்கு இங்கே வந்தார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பழுதானால் எர்ணாகுளத்திலிருந்து ஆள் வர வேண்டும். வந்து சேர ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளை மற்றவர்கள் விடுமுறையாக எடுத்துக்கொண்டார்கள். ஜெயபாய் உட்கார்ந்து கையேட்டைப் படித்தார். நாலைந்து முறை அப்படி நடந்த பிறகு எர்ணாகுளத்து ஆள் வந்தபோது செய்வதற்கு அவருக்கு வேலை இருக்கவில்லை. கணவர் யோசுவா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இருவரும் விடியுமுன்பே வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள். ஆறு மணிக்கு லேப் திறக்கும்போது ஜெயபாய் உள்ளே இருப்பார். முதல் குப்பி பதிவாகி நகர்ந்த பிறகுதான் சோற்றுப்பாத்திரத்தை அலமாரியில் வைப்பார்.

அவர் செய்த பெரிய காரியம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் நடந்தது. அதுவரை எங்கள் சர்வர் அறையில் பதினோரு பெட்டிகள், ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றாக இருந்தன. ரத்தம் கொடுக்க வருகிறவர்களைப் பதிவு செய்யும் பெட்டி காலையில் திணறும். மதியத்துக்கு மேல் வெறுமனே சுழலும். அறிக்கை அச்சிடும் பெட்டி காலையில் சும்மா கிடக்கும்; மதியம் திணறும். ஒன்றின் ஓய்வை மற்றொன்றுக்குக் கொடுக்க வழியில்லை, இரண்டும் வெவ்வேறு இரும்பு. அப்போதுதான் நான்கு பெரிய சர்வர்களை வாங்கி, ஒவ்வொன்றையும் மென்பொருளால் பல கணினிகளாகப் பிரிக்கும் முறை வந்தது. இந்தப் பிரிக்கப்பட்ட கணினிகளை நாங்கள் வி.எம். என்போம். கையால் தொட முடியாதவை. ஆனால் ஒரு சர்வரில் இடம் போதாவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சர்வருக்கு மாற்றிவிடலாம். காலையில் பதிவுக்குக் கூடுதல் பங்கு, மதியம் அறிக்கைக்குக் கூடுதல் பங்கு என்று நேரத்துக்கு ஏற்றபடி கொடுக்கலாம், எடுக்கலாம்.

எதற்கு எவ்வளவு கொடுப்பது என்று திட்டம் போட, அவர் ஒவ்வொரு பிரிவுக்கும் போனார். எவ்வளவு வேண்டும் என்று கேட்கவில்லை. "நீங்க எந்த நேரம் சும்மா இருப்பீங்க?" என்று கேட்டார். ஒருவரும் உண்மை சொல்லவில்லை. நாங்களா, சும்மாவா என்று எல்லாருக்கும் கோபம் வந்தது. என் பிரிவிலும் நான் அப்படித்தான் பதில் சொன்னேன். மதியம் மூன்று முதல் நான்கு வரை நான் புத்தகம் படிப்பது அவருக்குத் தெரியும். சொல்லிக் காட்டவில்லை. ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனார்.

மனிதர்கள் தங்கள் தேவையைக் கூட்டிச் சொல்வதற்குப் பேராசையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்று விட்டுக்கொடுத்தால் நாளை கேட்கும்போது கிடைக்காது என்ற பயம்தான் அது. பயத்தை வாதாடி விரட்ட முடியாது. ஜெயபாய் வாதாடவும் இல்லை, ஓராண்டு அளந்தார்.

அந்த நாட்களில் நடந்த ஒரு பேச்சை நான் அருகில் இருந்து கேட்டேன். எங்கள் மருத்துவ இயக்குநர் டாக்டர் நாகேஸ்வரன். ஸ்ரீவராகத்து அக்ரகாரத்துக்காரர். திசுக்களைப் பார்த்துப் புற்றுநோய் உண்டா என்று சொல்கிறவர். தன் படங்கள் திறக்க நேரமாகிறது என்று பன்னிரண்டு ப்ராசசர் எழுதி வாங்கியிருந்தார். ஜெயபாய் அதை நான்காகக் குறைத்தார். மறுநாள் படங்கள் சட்டென்று திறந்தன. டாக்டர் அதைச் சந்தேகத்தோடு விசாரிக்க வந்தார்.

"ஏம்மா, பறிச்சுண்டு போனா வேகமாறதா? இதென்ன நியாயம்?"

"சாரே, மத்தியானம் ஓட்டலுக்கு பன்னெண்டு பேரா போனா என்ன சொல்லுவான்? பன்னெண்டு சீட் ஒண்ணா காலியாகட்டு, நில்லுங்கம்பான். நாலு பேரா போனா உடனே இருத்துவான்."

"சரி. மீதி எட்டு பேர் பட்டினியோன்னோ?"

"அந்த எட்டு பேரு ஒருநாளும் வந்ததே இல்ல சாரே. நீங்க சும்மா எண்ணிக்கைக்கு எழுதி வாங்கினது."

டாக்டர் சிரித்தார். சிரித்தபடியே, "ஆனா என்னைக் கேட்டுட்டு எடுத்திருக்கணும்" என்றார்.

"கேட்டா தந்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"பின்ன?"

அவர் செய்தது சரி, செய்த விதம் சரியல்ல என்று எனக்கு அப்போதும் பட்டது, இப்போதும் படுகிறது. இதைச் சொன்னால் ஜெயபாய், "விதம் பாத்துட்டு இருந்தா படம் திறக்காது" என்பார்.

இந்த ஆண்டு ஜூலையில் அனில் ஒரு புதுத் தொழிலுக்குத் திட்டமிட்டார். சின்னச் சின்ன கிளினிக்குகளின் ஸ்கேன் படங்களை வாங்கிச் சேமித்து, வேண்டும்போது காட்டும் சேவை அது. கழக்கூட்டத்தில் அறை பிடித்தாகிவிட்டது. சர்வர்கள்தான் வேண்டும். நம்மிடம் இருக்கும் நான்கில் இரண்டை அங்கே கொண்டுபோனால் என்ன என்று யாரோ யோசனை சொல்ல, அதைச் சோதித்துப் பார்க்க வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை வைத்தார். பெயர் வினீத். நெய்யாற்றின்கரைப் பையன், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். திறமைசாலி. சர்வர்களில் அளக்கும் மென்பொருளைப் போட்டு, இருபத்தைந்து நாள் இரவும் பகலும் அளந்தார்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அனிலின் அறையில் கூட்டம். அனில், டாக்டர் நாகேஸ்வரன், வினீத், ஜெயபாய், பிறகு காகிதத்துக்காக நான். வினீத் திரையில் ஒரு கோட்டுப்படம் காட்டினார். பச்சைக் கோடு கீழேயே தவழ்ந்துகொண்டிருந்தது.

"சராசரி முப்பத்தெட்டு சதவீதம். நாலு மெஷின் அதிகம். ரெண்டு மதி" என்றார் வினீத். மதி என்றால் இங்கே போதும்.

"கேட்டீங்களா சேச்சி?" என்றார் அனில். "பாதிக்குப் பாதி சும்மா கிடக்கு. திங்கட்கிழமை சிங்க மாசம் ஒண்ணாம் தேதி. அன்னைக்கு கழக்கூட்டத்தில் தொடங்கணும்."

ஜெயபாய் திரையின் அடியில் இருந்த தேதிகளைப் பார்த்தார். எழுந்து பக்கத்தில் போய் இன்னொரு தரம் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். எங்களில் யாரும் அவர் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை.

"சாரே, இது கர்க்கடகம்."

யாருக்கும் உடனே புரியவில்லை. புரிந்தபோது டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

தமிழ்நாட்டில் ஆடி எப்படியோ, இங்கே கர்க்கடகம் அப்படி. மழை மாதம். நல்ல காரியம் எதையும் யாரும் தொடங்குவதில்லை. ஒத்திப்போடக்கூடிய பரிசோதனைகளை ஒத்திப்போடுவார்கள். உடம்பு முழுவதும் பார்க்கிறோம் என்று குடும்பமாக வருகிறவர்கள் அந்த மாதத்தில் வரமாட்டார்கள். அடுத்து சிங்கம் பிறக்கும். மலையாள ஆண்டின் முதல் மாதம். ஓணத்துக்கு வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள், திரும்பிப் போகுமுன் ரத்தம் கொடுத்துவிட்டுப் போக வந்து நிற்பார்கள். இது எங்கள் லேபில் பெருக்கித் துடைக்கிறவர்களுக்கும் தெரியும். வினீத்துக்கும் தெரியும், அவர் வீட்டிலும் கர்க்கடகத்தில் ஒன்றும் தொடங்கமாட்டார்கள். ஆனால் வீட்டில் தெரிந்த ஒன்றை அலுவலகத்தில் யாரும் நினைப்பதில்லை. அளப்பதற்குக் கர்க்கடகத்தைத் தேர்ந்தெடுத்ததே, வேலை குறைந்த மாதம், தொந்தரவு இருக்காது என்பதற்காகத்தான். தொடங்க சிங்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது, நல்ல நாள் என்பதற்காக. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகும் அனிலும் இந்த ஊரில் தொழில் செய்கிறவர்தான். அந்த இரண்டு காரணங்களும் ஒரே பஞ்சாங்கத்திலிருந்து வந்தவை என்பதை ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் விசுவாசம் சேச்சி. இது டேட்டா" என்றார் அனில்.

"டேட்டாதான். கடை அடைச்ச அன்னைக்கு எடுத்த டேட்டா."

"போன வருஷத்து அளவு இருக்கா? காட்டுங்க."

இங்கே ஜெயபாய்க்கு ஒரு சிக்கல் இருந்தது. பழைய அளவுகளை மென்பொருள் நிமிஷக் கணக்கில் வைத்திருப்பதில்லை. ஒரு மாதம் தாண்டினால் எல்லாவற்றையும் நாள் சராசரியாகச் சுருக்கிவிடும். காலை ஏழு முதல் ஒன்பது வரை மூச்சு முட்டுவதும் இரவு முழுவதும் தூங்குவதும் சேர்ந்தால் சராசரியில் எல்லாம் சுகமாகத்தான் தெரியும். வினீத் அதை நினைவூட்டினார். மரியாதையாகத்தான் நினைவூட்டினார்.

"சரி. வேற இடத்திலேந்து கொண்டுவாறேன்" என்றார் ஜெயபாய். "ஆனா இப்பமே சொல்லுதேன். நாலும் வேணும். ஒண்ணும் தரமாட்டேன். இந்தப் பேப்பரில் நான் ஒப்பு போடமாட்டேன்."

எங்கள் தர விதிகளின்படி சர்வர்களில் பெரிய மாற்றம் செய்யப் பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டும். ஒப்பு என்று இங்கே சொல்வது அதைத்தான். அது இல்லாமல் மாற்றம் செய்தால் ஆய்வகத்தின் தரச் சான்றிதழுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அனில் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"சேச்சி ஒப்பு போடல்லன்னா அந்த சீட்டில் வேற ஆள் இருந்து போடும்" என்றார் அனில்.

"இருத்துங்க. நான் இருக்கிய வரைக்கும் போடமாட்டேன்."

அன்று மாலைக்குள் அவர் கொண்டுவந்தது மென்பொருள் அளவு அல்ல. பதிவேட்டிலிருந்த நேரங்கள். ஒவ்வொரு குப்பியும் பதிவாகும்போது மணி, நிமிஷம், நொடி சேர்ந்தே எழுதப்படுகிறது. யாரும் அதைச் சுருக்குவதில்லை, நோயாளியின் ஆவணம் அது. ஐந்து வருஷத்துச் சிங்க மாதங்களை எடுத்து, பத்து நிமிஷத்துக்கு எத்தனை குப்பி என்று எண்ணியிருந்தார். கர்க்கடகத்துத் திங்கட்கிழமையில் ஏழரை மணிக்குப் பத்து நிமிஷத்துக்கு நாற்பது. சிங்கத்துத் திங்கட்கிழமையில் அதே நேரம் நூற்றுப் பதினெட்டு.

வினீத் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். "இது எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு கௌரவக் குறைவும் இருக்கவில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன். "ஆனா சேச்சி, குப்பி மூணு மடங்கானா மெஷினுக்கு வேலையும் மூணு மடங்காகும்னு இல்ல. பரீட்சை பண்ணிப் பாத்தாதான் தெரியும்."

"பண்ணலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு லேப் அடைக்கும். வாங்க."

அனிலிடம் அனுமதி கேட்கச் சொன்னேன். கேட்டால் வேண்டாம் என்பார், பிறகு செய்தால் மீறல் ஆகும்; கேட்காமல் செய்தால் வெறும் வேலை என்றார் ஜெயபாய். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பது அவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, கர்க்கடகத்தின் கடைசி நாள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. பதிவு மேஜையில் வழக்கமாக உட்காரும் ஷிபாவையும் ஜெயபாய் வரச் சொல்லியிருந்தார். உண்மையான கணினிகளின் நகல்களை உருவாக்கி, போன ஆண்டு சிங்க மாதத்து முதல் திங்கட்கிழமையின் பதிவுகளை அதே நேர இடைவெளியில் அந்த நகல்களுக்குள் மறுபடி ஓட விட்டார்கள். நோயாளி இல்லாத நோயாளிக் கூட்டம். ஷிபா தன் மேஜையிலிருந்து நடுநடுவே ஒரு பெயரைப் பதிவு செய்து, எத்தனை நொடி ஆகிறது என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

நான்கு சர்வரில் இரண்டு நொடி. மூன்று சர்வரிலும் இரண்டு நொடிதான். இரண்டுக்குக் குறைத்ததும் ஷிபா எண்ணத் தொடங்கினார்.

"முப்பது... நாப்பது... அக்கா, எனக்கு வீட்டில் துணி காயப் போட்டிருக்கு... ஐம்பத்திரண்டு. வந்தாச்சு."

"இனி ஒண்ணு செத்துப்போச்சுன்னு வைப்போம்" என்றார் ஜெயபாய். இருக்கும் இரண்டில் ஒன்றின் மின்கம்பியைக் கையாலேயே பிடுங்கினார். முப்பத்தொரு கணினிகளில் பாதி எழுந்திருக்கவே இல்லை. தவிர்க்க முடியாதவை என்று பதினொன்றைக் குறித்திருந்தார். பதிவும் சோதனைக் கருவிகளோடு பேசுபவையும் அதில் அடங்கும். அவற்றுக்கு மட்டுமே முந்நூற்றைம்பது ஜி.பி.க்கு மேல் நினைவகம் வேண்டும். மிஞ்சிய ஒரே சர்வரில் இருநூற்று ஐம்பத்தாறுதான்.

"பாத்தியா?" என்றார் வினீத்திடம்.

"பாத்தேன். ரெண்டு முடியாது. ஞான் சொன்னது தப்பு." வினீத் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "ஆனா சேச்சி, இதைப் பாருங்க. ஷிபாக்க மெஷினுக்கு தொண்ணூத்தாறு ஜி.பி. தனியா பூட்டி வச்சிருக்கு. இப்பம் சிங்கத்துக் கூட்டத்திலும் நாப்பதுக்கு மேல போகல்ல. இதை யாரு பூட்டினது?"

ஜெயபாய் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார்.

யார் பூட்டியது, ஏன் பூட்டியது என்று அந்த அறையில் ஷிபாவுக்கும் எனக்கும் தெரியும். பத்து வருஷம் முன்பு ஒரு திங்கட்கிழமை பதிவுக் கணினி அரை மணி நேரம் உறைந்துபோனது. வெறும் வயிற்றோடு காத்திருந்த ஒருவர் தன் சிறுநீர்ப் பாட்டிலை ஷிபாவின் மேஜைமேல் கவிழ்த்துவிட்டுப் போனார். அன்று ஜெயபாய்தான் துணி கொண்டுவந்து துடைத்தார். மறுநாள் அந்தக் கணினிக்கு யாரும் தொட முடியாதபடி நினைவகத்தை ஒதுக்கிப் பூட்டினார். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். எல்லாருடைய எட்டுப் பேரையும் எண்ணி எடுத்தவர் தனக்கென்று ஐம்பத்தாறு பேரை உட்கார்த்தி வைத்திருந்தார்.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பயம் என்று முன்னால் எழுதினேன். அது அளக்கிறவரையும் விடுவதில்லை என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

"ஷிபா, எழுந்து போகாதே" என்றார் ஜெயபாய். பூட்டை எடுத்தார். தொண்ணூற்றாறை நாற்பத்தெட்டாக்கினார். மறுபடி மூன்று சர்வரில் முழுக் கூட்டத்தையும் ஓடவிட்டார். நடுவில் ஒன்றைப் பிடுங்கினார். மிஞ்சிய இரண்டில் எல்லாம் நெருக்கியடித்துத் திணறின. அப்போது பயிற்சிக்கான கணினி, பழைய ஆவணங்களின் கணினி, நிர்வாகத்துக்கு வாரந்தோறும் படம் வரைந்து தரும் கணினி என்று வரிசையாக நிறுத்தினார். என் பிரிவுக் கணினியையும் நிறுத்தினார், என்னைக் கேட்காமல்.

"ஆறு" என்றார் ஷிபா. "ஆறு செகண்ட். இது போதும் அக்கா. ஆறு செகண்டுக்கு யாரும் பாட்டில் கவுக்கமாட்டான்."

ஜெயபாய் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நாலு வேணும்னு சொன்னது தப்பு. மூணு மதி" என்றார். "ஒண்ணை எடுத்துக்கிடட்டு. ரெண்டாமத்ததைத் தொடப்பிடாது."

அவரைப் பாராட்ட நான் அவசரப்பட்டதில்லை. அன்று பிற்பகல் அவர் பிடுங்கிய கம்பிகளில் கடைசியானது அவருடைய சொந்த வார்த்தைக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்க எத்தனை பேருக்குக் கை வரும் என்று யோசித்தபடி வீட்டுக்குப் போனேன்.

அன்று மாலையே வினீத் அறிக்கையைத் திருத்தி அனுப்பினார். மூன்று சர்வர் பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதினார். அதோடு நின்றிருக்கலாம். ‘அவசியமானால் இரண்டிலும் இயக்க இயலும்’ என்று ஒரு வரி சேர்த்தார். அவருக்கும் ஒரு முதலாளி இருந்தார், அந்த முதலாளிக்கு அனிலின் அடுத்த வேலை வேண்டும். அனில் அந்த ஒரு வரியைத்தான் படித்தார்.

மாற்றப் படிவத்தை ஜெயபாயின் வீட்டுக்கே அனுப்பினார். அது கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஆனால் அச்சிட்டிருந்த ‘இரண்டு’ என்பதை அடித்து, ‘ஒன்று’ என்று பேனாவால் எழுதி, அதன் கீழே கையெழுத்து. பக்கவாட்டில் இன்னும் ஒரு வரி: ‘இரண்டாவதை எடுத்தால் எடுப்பவர் பெயரும் நேரமும் இங்கே.’ அதன் கீழே ஒரு கோடு, காலியாக.

திங்கட்கிழமை, சிங்கம் ஒன்று. ஏழு மணிக்கெல்லாம் முன்கூடம் நிறைந்து படியில் ஆட்கள் நின்றார்கள். புதுத்துணி உடுத்தியவர்கள், வளைகுடாச் சட்டைகள், பருத்த குழந்தைகள். முதல் சர்வரை ஜெயபாய் விடியற்காலையிலேயே காலி செய்து, கழற்றி, வாசலில் வைத்திருந்தார். வண்டியில் வந்த இரண்டு பேர் அதை ஏற்றிவிட்டு இன்னொன்றுக்காக நின்றார்கள். ஏழரைக்கு அனில் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய யோசனை.

"சேச்சி, மத்தது?"

"இருக்கு சாரே. ஓடிட்டு இருக்கு."

"நிறுத்தித் தாங்க."

"நான் நிறுத்தமாட்டேன். உங்களுக்கு நிறுத்தணும்னா வாங்க, பட்டனைக் காட்டித் தாறேன்."

சர்வர் அறைக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். உள்ளிருந்து குளிர்காற்று வெளியே வந்தது. அனில் நுழைந்தார். நான் வாசலில் நின்றேன்.

"இதுதான். நாலு செகண்ட் அமுக்கிப் பிடிக்கணும்" என்றார் ஜெயபாய், புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பதைப் போல. "இதில் இப்பம் பன்னெண்டு வி.எம். ஓடுது. ஓடும்போதே மாத்த மத்ததில் இப்பம் இடமில்ல, பிடிச்ச உடனே ஷிபாக்க கவுண்டர் நிக்கும். எல்லாத்தையும் மத்த ரெண்டுக்கு மாத்தி எழுப்ப பத்து நிமிஷம். எழுந்த பெறவு, மத்த வேலையெல்லாம் நிறுத்தினா ஒரு பேருக்கு ஆறு செகண்ட். அதில் இனி ஒண்ணு செத்தா பாதி எழுந்திருக்கவே செய்யாது. இந்தாங்க பேனா. பேரும் நேரமும் எழுதீட்டு அமுக்குங்க."

"நீங்க என்னை பயப்படுத்துறீங்களா?"

"இல்ல சாரே. நேத்து அளந்ததைச் சொல்லுதேன். பயப்படுத்தணும்னா கூட்டிச் சொல்லியிருப்பேன்."

அறையின் கண்ணாடிச் சுவர் வழியாக முன்கூடம் தெரியும். ஷிபா எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நூற்று நாற்பத்தொன்று. நூற்று நாற்பத்திரண்டு. ஒரு வயதானவர் நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தார், பசியில். மகள் அவர் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அனில் அவர்களை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று நான் எண்ணவில்லை. பேனாவை வாங்கவில்லை. பட்டன் பக்கமும் போகவில்லை. வெளியே வந்து வண்டிக்காரர்களைப் பார்த்து, "ஏன் வழியில் நிக்கிறீங்க? ஆள் நடக்கண்டாமா? இருக்கிறதை எடுத்துட்டுப் போங்க" என்று கத்தினார்.

கழக்கூட்டத்தில் அன்று ஒரு சர்வரோடு தொடங்கினார்கள். அது போதுமா, போதவில்லையா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் எந்த சர்வரும் அன்று பழுதாகவில்லை, அந்த மாதம் முழுவதும் பழுதாகவில்லை. அதனால் ஜெயபாய் சொன்னது சரி என்று நிரூபிக்க எந்தச் சம்பவமும் நடக்கவில்லை. இரண்டோடு சமாளித்திருக்கலாமே என்று அனில் இன்றும் சொல்கிறார். சமாளித்திருக்கலாம்தான், ஒன்றும் பழுதாகாத வரை. நடக்காமல் தடுக்கப்பட்ட ஒன்றுக்குச் சாட்சி கிடையாது. இந்த வேலையில் இருப்பவர்கள் அந்தச் சாட்சி இல்லாமலேயே நிற்கப் பழக வேண்டியிருக்கிறது.

புதன்கிழமை ஜெயபாயின் மேஜைக்கு மெமோ வந்தது. நான்கு குற்றச்சாட்டுகள்: நிர்வாகத்தின் உத்தரவை மறுத்தது, அனுமதியின்றிப் பரீட்சை நடத்தியது, அலுவலகப் படிவத்தில் திருத்தம் செய்தது, நிர்வாக இயக்குநரிடம் மரியாதைக் குறைவாகப் பேசியது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். தவறினால் முதுநிலைப் பொறுப்பாளராகப் பதவி உயர்வு பெற இருக்கிறவர்களின் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும்.

டாக்டர் நாகேஸ்வரன் ஜெயபாயின் அறைக்கு வந்தார். "வருத்தம் தெரிவிச்சு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடும்மா. நான் பேசி முடிச்சு வைக்கறேன். எதுக்கு வம்பு?"

"எதுக்கு வருத்தப்படணும் சாரே?"

"பரீட்சைக்குக் கேட்டிருக்கணுமோன்னோ?"

ஜெயபாய் மெமோவின் இரண்டாவது குற்றச்சாட்டைப் பார்த்தார். "அது உள்ளதுதான்" என்றார்.

மூன்று நாள் எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் எழுதி முடித்து, கோப்பில் சேர்ப்பதற்காக ஒரு பிரதியை என்னிடம் தந்தார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதன் தமிழ் இது:

‘முதல் குற்றச்சாட்டு உண்மை. மறுத்தேன். அதே உத்தரவு மறுபடி வந்தால் மறுபடியும் மறுப்பேன். இரண்டாவது உண்மை. அனுமதி கேட்டிருக்க வேண்டும். அதற்கு மட்டும் வருந்துகிறேன். மூன்றாவது உண்மை. திருத்தியதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. நான்காவதைப் பற்றி இயக்குநர்தான் சொல்ல வேண்டும். நான் பட்டனைக் காட்டினேன். பட்டியலிலிருந்து பெயரை நீக்கலாம். மூன்று சர்வரில் ஒன்றையும் நீக்க வேண்டாம்.’

பெயர் நீக்கப்பட்டது. மூன்று சர்வர்களும் ஓடுகின்றன.